முள் பூஜ்யத்தில் நிற்கிறது; சிலிண்டர் காலியா?

வாசகர் கேள்வி – பதில்: வீட்டில் கிடக்கும் பழைய தீயணைப்பான்கள்

கேள்வி: வீடு கட்டியபோது வாங்கிய 4 கிலோ ஏபிசி (திட, திரவ, வாயுத் தீ மூன்றுக்குமான) பவுடர் தீயணைப்பான் மாடிப்படிக்கு அடியில் பதினொரு வருடமாக நிற்கிறது. அழுத்தம் காட்டும் கேஜில் முள் சிவப்பைத் தாண்டி பூஜ்யத்துக்கே வந்துவிட்டது. காலிதானே? பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடலாமா?
– வாசகி, நங்கநல்லூர்

பதில்: இப்படியே போடாதீர்கள். உள்ளே இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று பவுடர், இன்னொன்று அந்தப் பவுடரைத் தள்ளும் நைட்ரஜன். நைட்ரஜன் முழுக்கக் கசிந்து போயிருந்தாலும் 4 கிலோ பவுடர் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

நைட்ரஜன் போய்விட்டது என்பதற்கும் முள் முழுச் சாட்சி இல்லை. கேஜுக்குள் இருப்பது மெல்லிய ஒரு வளைகுழாய். அதன் வாயில் பவுடர் ஏறி அடைத்தாலோ, ஈரத்தில் துரு பிடித்தாலோ முள் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். பச்சையில் சிக்கிய முள் ‘எல்லாம் சரி’ என்று பொய் சொல்லும். சிவப்பில் சிக்கியது ‘காலி’ என்று பொய் சொல்லும். இரண்டாவது பொய்தான் ஆபத்து. தராசில் வைத்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் வராது. இந்த அளவு சிலிண்டரில் நைட்ரஜன் சில பத்து கிராம்தான். தராசு பவுடரின் கணக்கைச் சொல்லும், காற்றின் கணக்கைச் சொல்லாது.

இரும்புக் கடையில் அடுத்து நடப்பது என்ன? தலையில் இருக்கும் பித்தளை வால்வுக்கு இரும்பைவிட விலை அதிகம். அதனால் பைப் ரெஞ்ச் போட்டு முதலில் அதைத்தான் கழற்றுவார்கள். நல்ல நிலையில் உள்ள பவுடர் சிலிண்டரில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 15 கிலோ அளவில் இருக்கும். வால்வு உட்காரும் வாய் சுமார் 3 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு 7 சதுர செ.மீ. ஆக, வால்வைக் கீழிருந்து தள்ளும் விசை 100 கிலோவுக்கு மேல். இரண்டு சிமெண்ட் மூட்டையின் பாரம் ஒரு கைப்பிடி அளவுப் பித்தளைக்குப் பின்னால் காத்திருக்கிறது. கடைசி மரை விடுபடும்போது குனிந்து திருகிக்கொண்டிருப்பவரின் முகம் நேர் மேலே இருக்கும். கேஸ் கட்டர் வைத்தால் கதை இன்னும் மோசம். சூட்டில் அழுத்தம் ஏறும், அதே சூட்டில் தகடு இளகும்.

அதனால் முதலில் அழுத்தம் இறங்க வேண்டும், பிறகு பவுடர் வெளியேற வேண்டும், கடைசியில்தான் அது இரும்பு. இந்த மூன்றையும் செய்ய ஆளும் கருவியும் இருப்பது தீயணைப்பான் விற்று, ரீஃபில் செய்து தரும் கடைகளில். போனில் மூன்றே கேள்வி கேளுங்கள். காலாவதியான சிலிண்டரை எடுத்துக்கொள்வீர்களா? பவுடரை எடுத்து, வால்வைக் கழற்றி, உடம்பை வெட்டியோ துளைத்தோ போடுவீர்களா? புதிதாக வாங்கினால் பழையதற்கு ஏதாவது கழிப்பீர்களா? மூன்றாவதற்கு ‘இல்லை’ என்றால் பரவாயில்லை. இரண்டாவதற்கு மழுப்பினால் வேறு கடையைப் பாருங்கள்.

ரீஃபில் செய்து தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். பராமரிப்புக்கான இந்தியத் தர நெறிமுறை ஐஎஸ் 2190இன் 2010 பதிப்பு பவுடர், தண்ணீர், நுரை, கிளீன் ஏஜென்ட் (கறை விடாமல் ஆவியாகிவிடும் ரசாயனம்) வகைகளுக்கு 10 ஆண்டும், கார்பன் டை ஆக்சைடு வகைக்கு 15 ஆண்டும் ஆயுள் என்கிறது. உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது.

கொண்டுபோகும்போது சேஃப்டி பின் இருக்கிறதா பாருங்கள். தொலைந்திருந்தால் அந்த ஓட்டையில் கட்டுக்கம்பி ஒன்றைக் கோத்து முறுக்கிவிடுங்கள். நிமிர்த்தி, அசையாமல் கட்டி, கைப்பிடி மேல் எதுவும் அழுத்தாதபடி வைத்தால் போதும்.


கேள்வி: எங்கள் குடியிருப்பில் பொறுப்பு கைமாறியபோது மொட்டைமாடி அறையில் எட்டு சிலிண்டர்கள் கிடைத்தன. லேபிள் எல்லாம் வெளுத்துவிட்டது. எது என்ன வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– சங்கச் செயலாளர், கோவை

பதில்: லேபிள் போனாலும் உருவம் பேசும். கறுப்புக் கூம்பு அல்லது ஒலிபெருக்கி மாதிரி ஒரு வாய், கேஜ் கிடையாது, அளவுக்கு மீறிய கனம்: அது கார்பன் டை ஆக்சைடு. தோளில் எண்கள் குத்தியிருப்பார்கள். வெற்று எடையும் சோதனைத் தேதியும் அதில் இருக்கும். கேஜ் இருந்து, லேசாகச் சாய்த்தால் மணல் நகர்வது போல மெதுவாகச் சரிந்தால் பவுடர். தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்டால் தண்ணீர், நுரை அல்லது கிளீன் ஏஜென்ட். இதில் சிறியதாகவும் அளவுக்குக் கனமாகவும் இருப்பது பெரும்பாலும் கிளீன் ஏஜென்ட். கேஜ் இல்லாமல், தலையில் அடித்து இறக்கும் குமிழ் இருந்தால் காட்ரிட்ஜ் வகை. சாய்த்துப் பார்ப்பது என்றால் மெதுவாகச் சாய்ப்பது. எதையும் தலைகீழாக்க வேண்டாம்.

காட்ரிட்ஜ் வகையில் உடம்புக்குள் சாதாரணமாக அழுத்தம் இருக்காது. உள்ளே சின்னக் குப்பியில் அடைத்த கார்பன் டை ஆக்சைடு இருக்கும்; குமிழை அடித்தால் ஊசி அதைத் துளைக்கும். யாராவது எப்போதோ விளையாட்டாக அடித்து, பவுடர் கட்டிபிடித்து வாய் அடைத்துக்கொண்டிருந்தால் அந்த அழுத்தம் முழுதும் உடம்புக்குள் சிறைப்பட்டிருக்கும். சொல்வதற்குக் கேஜும் கிடையாது. குமிழ் கீழே இறங்கிய நிலையில் உள்ளதைத் தனியாக வையுங்கள், மூடியைத் தொடாதீர்கள். அந்த மூடியில் சிறு துளைகள் இருக்கும். மரை முழுக்க விடுபடுவதற்கு முன்பே காற்று வெளியேறுவதற்காக வைத்தவை அவை. பழைய சிலிண்டர்களில் அவை பெயிண்டால் அடைபட்டிருப்பதும் உண்டு.

எட்டையும் ஒரே வண்டியில் அனுப்பலாம். ஆனால் அடியில் வளையத்தைச் சுற்றித் துரு பொரிந்தவை, உடம்பு நசுங்கியவை, பெயிண்ட் கொப்பளித்தவை எவை என்று சாக்பீஸால் குறித்து முன்கூட்டியே கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். தண்ணீர் தேங்கும் தரையில் வருடக்கணக்கில் நிற்கும் சிலிண்டர் அடியிலிருந்துதான் அரிக்கும். முன்பக்கம் பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.


கேள்வி: எங்கள் ஊரில் ரீஃபில் கடை இல்லை. பக்கத்து நகரம் நாற்பது கிலோமீட்டர். பவுடரை நானே பீய்ச்சிக் காலி செய்துவிடலாமா? எப்படி?
– வாசகர், துறையூர்

பதில்: நாற்பது கிலோமீட்டர் போவதே மேல். அது உண்மையில் முடியாது என்றால், ஏபிசி அல்லது பிசி (சோடியம் பைகார்பனேட்) பவுடர் சிலிண்டரை மட்டும், அதுவும் ஹோஸ் உள்ளதை, உடம்பில் துருவோ நசுங்கலோ இல்லாததை, வெளியில் காலி செய்யலாம். மற்ற எந்த வகையும் வேண்டாம். ஹோஸ் இல்லாத 1 கிலோ, 2 கிலோ சிலிண்டர்களில் சாக்கைச் சரியாகக் கட்ட முடியாது, அவற்றையும் விடுங்கள்.

காற்று அதிகம் வீசாத காலை நேரம், கிணறும் மாட்டுத் தொட்டியும் காயும் துணியும் பக்கத்தில் இல்லாத திறந்த இடம். என்95 மாஸ்க், காற்றுப் புகாத கண்ணாடி, முழுக்கைச் சட்டை. 50 கிலோ அரிசிச் சாக்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. நாசிலைச் சாக்கின் அடிவரை விட்டு, வாயை ஈரத்துணி சுற்றி ஹோஸோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் காற்று போக வழியின்றிச் சாக்கு வெடிக்கும். பின்னைப் பிடுங்கி, சிலிண்டரை நிமிர்த்தியபடியே கைப்பிடியை இரண்டு வினாடி அழுத்தி விடுங்கள். புகை அடங்கட்டும். மறுபடி இரண்டு வினாடி. ஒரே மூச்சில் அழுத்தினால் பத்துப் பதினைந்து வினாடியில் முழுவதும் வந்துவிடும். சாக்கு தாங்காது, தெருவே வெள்ளையாகிவிடும்.

பவுடர் நின்று வெறும் ‘உஸ்’ மட்டும் வந்தால் சிலிண்டரைத் தலைகீழாக்கிக் கைப்பிடியை அழுத்துங்கள். உள்ளே அடிவரை போகும் குழாய் ஒன்று உண்டு. கவிழ்த்ததும் அதன் நுனி மேலே காற்றுப் பகுதிக்குப் போய்விடும். பவுடர் வராமல் மிச்சக் காற்று மட்டும் வெளியேறும். சத்தம் முழுக்க நின்றபின் கைப்பிடியை அழுத்திய நிலையிலேயே கம்பியால் கட்டி ஒரு இரவு விட்டுவிடுங்கள்.

எங்கே தவறும்? பல வருடம் அசையாமல் நின்ற பவுடர் அடியில் கட்டியாக இறுகியிருக்கும். அழுத்தினால் கொஞ்சம் தூசி வந்து, பிறகு காற்று மட்டும் போய், முக்கால்வாசிப் பவுடர் உள்ளேயே நின்றுவிடும். அது பரவாயில்லை, அழுத்தம் போனதே லாபம். அழுத்தியும் எதுவுமே வரவில்லை என்றால் அதுதான் கவலைக்குரியது. குழாய் அடைத்திருக்கிறது, அழுத்தம் உள்ளே இருக்கிறது. நாசிலுக்குள் எட்டிப் பார்ப்பது, கம்பி விட்டுக் குத்துவது, சுவரில் தட்டுவது எதுவும் கூடாது. பின்னைத் திரும்ப மாட்டி, கடைக்குத்தான் போக வேண்டும்.

பாதி பீய்ச்சிவிட்டு ‘மீதி இருக்கட்டும், ஆபத்துக்கு உதவும்’ என்று வைப்பவர்கள் உண்டு. உதவாது. ஒரு வினாடி அழுத்தினாலே வால்வின் இருக்கையில் பவுடர் துகள் உட்கார்ந்துகொள்ளும். அதன் வழியாகக் காற்று மெல்லக் கசிந்து, சில நாளில் முள் இறங்கிவிடும்.

காலியானதாகத் தோன்றினாலும் வால்வை நீங்கள் திருகிக் கழற்ற வேண்டாம். அந்த ஒரு வேலையைக் கடைக்காரருக்கு விட்டுவிடுங்கள்.


கேள்வி: ஏபிசி பவுடரில் இருப்பது அம்மோனியம் பாஸ்பேட், உரம்தானே என்று மகன் சொல்கிறான். வெளியே எடுத்ததைத் தென்னைக்குப் போடலாமா? இன்னொரு சிலிண்டரில் ‘சோடியம் பைகார்பனேட்’ என்றிருக்கிறது. அது ஆப்பசோடாதானே?
– வாசகி, பாபநாசம்

பதில்: மகன் பாதி சரி. மோனோ அம்மோனியம் பாஸ்பேட் சொட்டுநீர்ப் பாசனத்தில் 12-61-0 என்ற பெயரில் போகும் உரம்தான். ஆனால் சிலிண்டரில் இருப்பது அந்த உரம் அல்ல. ஈரம் ஒட்டாமல் ஓட வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு துகளுக்கும் சிலிக்கோன் பூச்சு உண்டு. தண்ணீரில் போட்டால் கரையாமல் மிதப்பதைப் பார்க்கலாம். அம்மோனியம் சல்பேட், நிரப்புத்தூள், சாயம் எல்லாம் கலந்திருக்கும். வேருக்குப் போவதற்காகத் தயாரித்ததல்ல, தரம் பார்த்ததும் அல்ல. தென்னையை விட்டுவிடுங்கள்.

ஆப்பசோடா விஷயத்தில் சிரிப்பு வந்தாலும் கேட்டது நல்லதாயிற்று. வேதிப்பெயர் ஒன்றே, ஆனால் இதுவும் உணவுத் தரமல்ல, இதிலும் ஓட்டத்துக்கான சேர்மானங்கள் உண்டு. சமையலறைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். மண்ணில் கொட்டினால் சோடியம் சேர்ந்து மண் களர் பிடிக்கும்.

அதைவிட முக்கியம், இந்த இரண்டையும் ஒரே சாக்கில் போடாதீர்கள். ஏபிசி பவுடர் லேசான அமிலம், பைகார்பனேட் காரம். ஈரம் பட்டால் இரண்டும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடையும் அம்மோனியாவையும் கிளப்பும். கட்டிய மூட்டை உப்பும். ரீஃபில் செய்யும்போது ஒரு சிலிண்டரில் முன்பிருந்ததைத் துடைக்காமல் மற்றதை நிரப்பினால் இதே காரியம் இரும்புக் கூட்டுக்குள் நடக்கும். அதனால்தான் விவரம் தெரிந்த கடைகளில் இரண்டு பவுடருக்கும் புனலும் பக்கெட்டும் தனித்தனி.

4 கிலோ பவுடர் ஒரு ஐந்து லிட்டர் பக்கெட்டில் அடங்கிவிடும். கெட்டியான பிளாஸ்டிக் பையில் இரட்டையாகக் கட்டி, மேலே பெயர் எழுதி, காலிச் சிலிண்டரோடு கடையில் கொடுங்கள். சாக்கடையில் கழுவிவிட்டால் பாஸ்பேட் குளம் வரை போய்ப் பாசிக்குத் தீனியாகும்.

தரையில் சிந்தியிருந்தால் முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள். குழைந்து இடுக்கில் எல்லாம் ஏறிவிடும். மென்மையான துடைப்பத்தால் கூட்டி அள்ளுங்கள். வீட்டு வாக்குவம் கிளீனரும் வேண்டாம். மிக நுண்ணிய தூள் ஃபில்டரைத் தாண்டி மோட்டாருக்குள் போகும். கடைசியில், ஏபிசி என்றால் ஆப்பசோடா கரைத்த நீரில் நனைத்த துணி, பைகார்பனேட் என்றால் கொஞ்சம் வினிகர் கலந்த நீர். ஸ்விட்ச் போர்டு, கிரில் கேட், சைக்கிள் எதன் மீதும் ஏபிசி தூள் தங்கவிடக் கூடாது. மழைக்கால ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும்.


கேள்வி: கம்ப்யூட்டர் சென்டர் மூடியபோது 4.5 கிலோ கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெறும் கேஸ்தானே, கறை படியாது; பாத்ரூமில் வைத்துத் திறந்துவிடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கறை படியாது, ஆள் படுத்துவிடலாம். கணக்குப் போடுவோம். ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு நம்மூர் வெப்பத்தில் அரைக் கன மீட்டருக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும். 4.5 கிலோ என்றால் 2.5 கன மீட்டர். எட்டடிக்கு ஐந்தடி பாத்ரூமின் மொத்தக் கொள்ளளவே 10 கன மீட்டர் சுற்றித்தான். காற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த வாயு ஆகிவிடும். 10 சதவீதம் தாண்டினாலே சில நிமிடத்தில் நினைவு தப்பும். நிறமில்லை. காற்றைவிடக் கனம், அதனால் தரையை ஒட்டித் தேங்கும். விழுந்தவர் அதற்குள்ளேயே கிடப்பார், தூக்கப் போனவரும் விழுவார்.

திறந்தவெளியில் என்றாலும் நீங்கள் செய்ய வேண்டாம். வாயு வெளியேறும்போது கூம்புக்குள் உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) உருவாகும், மைனஸ் 78 டிகிரி. கூம்பைப் பிடித்த உள்ளங்கைத் தோல் அதோடு ஒட்டிக்கொண்டுவிடும். பிடிக்க வேண்டிய இடம் கைப்பிடி, கூம்பு அல்ல. அதோடு நன்றாகத் தரையில் ஊன்றாத சிலிண்டர் பின்னுக்கு உதைக்கும்.

இதன் அழுத்தம் வேறு ரகம். 30 டிகிரியில் சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோவுக்கு மேல். 2.5 செ.மீ. வாயில் உட்கார்ந்த வால்வைத் தள்ளும் விசை 350 கிலோ வருகிறது. வெயிலில் மூடிய காருக்குள் வைத்தால் இன்னும் ஏறும். ஏறியதைத் தணிக்க வால்வில் ஒரு மெல்லிய பாதுகாப்புத் தகடு உண்டு. அது கிழிந்தால் முழு வாயுவும் காருக்குள்தான்.

நல்ல செய்தியும் உண்டு. இந்த வகை ஆயுள் 15 ஆண்டு. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்ப்பது. தோளில் குத்திய தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள். வயது இருந்தால் தூக்கிப் போடாமல் சோதித்து நிரப்பலாம். வாயு இருக்கிறதா என்பதைத் தராசு இங்கே சரியாகச் சொல்லும். நிரப்பிய வாயுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் மறுநிரப்பு. டெஸ்டில் தேறாத சிலிண்டரை 2016ஆம் ஆண்டின் எரிவாயு சிலிண்டர் விதிகளின்படி தட்டையாக நசுக்கியோ, மறுபடி ஒட்டவைக்க முடியாதபடி துண்டாக்கியோ அழிக்க வேண்டும். இந்த விதிகளைப் பார்த்துக்கொள்வது பெசோ என்ற மத்திய அரசு அமைப்பு. நாக்பூர் தலைமையகம், சென்னையில் தென்மண்டல அலுவலகம். நிரப்ப அனுமதி பெற்ற நிலையத்தில்தான் கொடுக்க வேண்டும், எழுத்தில் சான்று கேளுங்கள்.


கேள்வி: காரைக்குடி பழம்பொருள் கடையில் கூம்பு வடிவச் சிவப்புத் தீயணைப்பான் ஒன்றும், பித்தளையில் கைப்பம்பு மாதிரி சிறியது ஒன்றும் வாங்கினேன். மேஜை விளக்காக மாற்ற ஆசை. சிறியதைக் குலுக்கினால் உள்ளே திரவம் இருக்கிறது.
– வாசகர், தேவகோட்டை

பதில்: குலுக்கியது போதும், இரண்டையும் நிமிர்த்தி வையுங்கள்.

கூம்பு வடிவில் வந்தவை பெரும்பாலும் சோடா-ஆசிட் வகை. உள்ளே சோடா கரைத்த தண்ணீர், நடுவில் கண்ணாடிக் குப்பியில் கந்தக அமிலம். தலையில் அடித்தாலோ கவிழ்த்தாலோ இரண்டும் கலந்து, கிளம்பும் வாயு தண்ணீரைத் தள்ளும். ஆரம்பித்தால் நிறுத்த வழியில்லை. வாய் அடைபட்டு, தகடு உள்ளே அரித்திருந்தால் அடிப்பாகம் பிய்த்துக்கொண்டு போகும். இப்படிப் பல விபத்துகள் நடந்ததால்தான் கவிழ்த்து இயக்கும் பழைய ரகங்களை 1982 ஜனவரி 1க்குள் அகற்ற வேண்டும் என்று அமெரிக்கப் பணியிட விதி சொன்னது. கடைக்காரர் ‘காலி’ என்று சொல்லியிருப்பார். மூடியைத் திறந்து குப்பியை எடுத்த பிறகுதான் அதை நம்ப வேண்டும். அதைச் செய்ய வேண்டியவரும் ரசாயனம் பழகியவர், நீங்களல்ல.

பித்தளைப் பம்புதான் எனக்குப் பெரிய கவலை. அந்த உருவத்தில் வந்தவற்றில் நிரப்பியது கார்பன் டெட்ராகுளோரைடு. இனிப்பு வாசம் அடிக்கும். அதன் ஆவியும் தோலில் பட்ட ஈரமும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சூடான உலோகத்தில் பட்டால் பாஸ்ஜீன் உண்டாகும், முதல் உலகப் போரில் விஷவாயுவாகப் பயன்பட்டது. விளக்குக்காகப் பற்றவைப்புக் கடையில் கொடுத்து, அவர் டார்ச் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதே ரசாயனம் நிரப்பிய கண்ணாடி உருண்டைகளும் சுவரில் மாட்டும் அலங்காரமாக விற்கின்றன. அவற்றுக்கும் இதே பதில்.

திறக்க வேண்டாம், ஊற்ற வேண்டாம். பம்பின் கைப்பிடியைக் கயிறு சுற்றிப் பூட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் பக்கெட்டில் மணல் நிரப்பி நிமிர்த்தி நடுங்கள். வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்து, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். இந்த மாதிரித் திரவம் போய்ச் சேர வேண்டிய இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கும் அபாயக் கழிவு நிலையம் போன்ற இடம்தான். திரவம் முறையாக வெளியேறிய பிறகு அந்தப் பித்தளையை விளக்காக்குங்கள், அழகாகத்தான் இருக்கும்.


கேள்வி: காரில் வைத்த 500 கிராம் தீயணைப்பான் காலாவதி. இதற்குமா இவ்வளவு?
– வாசகர், சேலம்

பதில்: அளவு சிறியது, அழுத்தம் அதேதான். காரின் அதிர்வில் பவுடர் இறுகுவதும் வெயிலில் ரப்பர் வாஷர் காய்வதும் வீட்டைவிட வேகமாக நடக்கும். ஒருமுறை மட்டும் நிரப்பும் ரகங்களில் ரீஃபிலே கிடையாது. புதியது வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்துவிடுங்கள். சீட்டுக்கு அடியில் உருளவிடாதீர்கள், பிரேக் பெடலுக்குக் கீழே போய்ச் சிக்கும்.


கேள்வி: மாநகராட்சிக் குப்பை வண்டியில் போட முடியாதா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: கூடாது. வண்டியில் அழுத்தும் இயந்திரம் இருக்கிறது. நசுக்கும்போது சிலிண்டர் வெடித்தால் பக்கத்தில் நிற்கும் தூய்மைப் பணியாளர்தான் அடிபடுவார். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வீட்டு அபாயக் கழிவு என்று ஒரு பிரிவை வைத்து பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, டியூப் லைட், பேட்டரி முதலியவற்றைச் சொல்லியிருந்தன. அந்தப் பட்டியலில் தீயணைப்பான் பெயர் இருக்கவில்லை. வார்டு அலுவலகத்தில் கேட்டு, எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னால் மட்டும் நேரில் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். கூரியரிலும் அனுப்ப முடியாது. போக்குவரத்து விதிகளில் இது ஆபத்தான சரக்கு, ஐநா எண் 1044.


கேள்வி: அலுவலகத்திலிருந்து வந்த பழைய சாமான்களில் ‘ஹாலான் 1211’ என்று எழுதிய சிலிண்டரும், ‘ஏஎஃப்எஃப்எஃப்’ என்ற 9 லிட்டர் சிலிண்டரும் உள்ளன. இரண்டையும் தோட்டத்தில் திறந்துவிடச் சொல்கிறார் காவலாளி.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: காவலாளியைத் தடுத்துவிடுங்கள். ஹாலான் 1211 என்ற தீயணைப்பு வாயு ஓசோன் படலத்தைக் கெடுப்பதில், பழைய குளிர்பதன வாயுவான சிஎஃப்சி-11ஐப் போல மூன்று மடங்கு. ஹாலான் 1301 பத்து மடங்கு. ஓசோனைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி வளர்ந்த நாடுகள் 1994லும் நம்மைப் போன்ற நாடுகள் 2010லும் இதன் உற்பத்தியை நிறுத்தின. புதிதாகத் தயாரிப்பதில்லை, ஆனால் விமானம், ராணுவ வண்டி போன்ற இடங்களில் இன்னும் தேவை. ஆகவே மீட்டுச் சுத்திகரித்து வைக்க வங்கி போல ஓர் ஏற்பாடு உண்டு. இந்தியாவில் அது டெல்லியில், ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் தீ, வெடிபொருள், சுற்றுச்சூழல் பாதுகாப்பு மையத்தில் இருக்கிறது. வால்வை மூடியபடி வைத்து, ஹாலான் கையாளும் பெரிய தீயணைப்பு நிறுவனத்திடம் ‘மீட்பு’ என்ற சொல்லைச் சொல்லிக் கேளுங்கள்.

ஏஎஃப்எஃப்எஃப் என்பது நுரை. பழைய சரக்கில் பிஎஃப்ஓஎஸ், பிஎஃப்ஓஏ வகைச் சேர்மங்கள் இருக்க வாய்ப்பு அதிகம். மண்ணிலும் உடம்பிலும் மக்காமல் தங்குகிறவை. முதலாவது 2009லும் அடுத்தது 2019லும், மக்காத நச்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப் பட்டியலில் ஏறின. தோட்டத்தில் விட்டால் கிணற்றுக்கு வரும், கொதிக்கவைத்தாலும் போகாது. நிமிர்த்தி, கசியாமல் கடைக்கு.


கேள்வி: சமையலறைக் கூரையில் தொங்கும் தானியங்கிப் பந்து மாதிரியான சிலிண்டரைக் கழற்ற வேண்டும்.
– வாசகர், ஓசூர்

பதில்: அதன் அடியில் சிவப்புத் திரவம் உள்ள சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கும், 68 டிகிரியில் உடையும். அதுதான் பூட்டு, வேறு கைப்பிடி கிடையாது. ஸ்குரூ டிரைவர் தவறி அதில் பட்டால் முழுப் பவுடரும் உங்கள் முகத்தில். காகிதக் கோப்பையைக் கவிழ்த்து டேப் ஒட்டிக் குமிழை மறையுங்கள். ஒருவர் தாங்க, ஒருவர் கூரைக் கொக்கியை மட்டும் கழற்றுங்கள். குமிழ் உள்ள தலையைத் திருகவே வேண்டாம். அடுப்பருகே, வெயிலில் வைக்காமல் அப்படியே கடைக்கு.


கேள்வி: டொராண்டோவில் இருக்கிறோம். வாங்கிய வீட்டில் பிளாஸ்டிக் கைப்பிடி வைத்த தீயணைப்பான் ஒன்று இருந்தது. திரும்பப் பெறுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கம்பெனி பெயர் ‘கிடே’ (Kidde).
– வாசகி, கனடா

பதில்: 2017 நவம்பரில் வந்த அறிவிப்பு அது. பிளாஸ்டிக் கைப்பிடி, அழுத்து பொத்தான் மாடல்களில் வாய் அடைத்துக்கொண்டோ, அதிக விசை தேவைப்பட்டோ வேலை செய்யாமல் போகலாம் என்பது காரணம். அமெரிக்காவில் 3 கோடியே 78 லட்சம், கனடாவில் 27 லட்சம் கருவிகள். மாடல் எண்ணை அறிவிப்புப் பட்டியலோடு ஒப்பிட்டு, இருந்தால் நிறுவனத்திடம் மாற்றுக் கருவி கேளுங்கள். மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் மட்டும் போடாதீர்கள்.


கேள்வி: கடையில் கொடுத்த பழைய சிலிண்டரையே பெயிண்ட் அடித்து வேறு யாருக்காவது விற்றுவிட்டால்?
– வாசகர், ஆவடி

பதில்: நடக்காதது அல்ல. பழைய உடம்பில் சிவப்பு பெயிண்ட், புது ஸ்டிக்கர், புது கேஜ். வாங்குகிறவருக்குத் தெரியாது. அதைத் தடுக்க உங்கள் கையில் சில வேலைகள் உண்டு. கொடுப்பதற்கு முன் அடிவளையத்திலோ தோளிலோ குத்தியிருக்கும் வரிசை எண்ணையும் தயாரிப்பு ஆண்டையும் படம் எடுங்கள். அழியாத மையில் உடம்பின் இரு பக்கமும் ‘கழிவு’ என்று பெரிதாக எழுதுங்கள். ரசீதில் ‘அழிப்பதற்காகப் பெறப்பட்டது’ என்றும் வரிசை எண்ணையும் எழுதி வாங்குங்கள். சங்கத்தின் சார்பில் பத்து, இருபது சிலிண்டர் கொடுப்பவர்கள், வால்வு கழற்றி உடம்பில் துளை போட்ட பின் எடுத்த படத்தை அனுப்பிய பிறகே மீதிக் கணக்கைத் தீர்ப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளலாம்.

புதியது வாங்கும்போதும் இதே கண்ணோடு பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15683 என்ற எண்ணும் லேபிளில் இருக்கிறதா, தோளில் குத்திய ஆண்டும் ஸ்டிக்கரில் உள்ள ஆண்டும் ஒன்றா என்று பாருங்கள். கழுத்தைச் சுற்றி நகத்தால் கீறினால் அடியில் இன்னொரு பழைய பெயிண்ட் தெரிகிறதா? தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.